கிக்கர் போனால் போகட்டும், ஸ்பேனரை விட்டுவிடாதீர்கள்

புல்லட் ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும், எண்ணிக்கையில் பெருகி வரும் அக்கா தங்கைகளுக்கும்,

வணக்கம்.

2023 செப்டம்பரில் ராயல் என்ஃபீல்டின் புதிய புல்லட் 350, ஜே சீரிஸ் என்ற புதுத் தலைமுறை இன்ஜினோடு வந்தது. அதில் காலால் உதைத்து இன்ஜினை எழுப்பும் கிக்கர் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து நம்மிடையே இழவு வீட்டுச் சத்தம் ஓயவில்லை. ‘கிக்கர் இல்லாதது புல்லட்டே இல்லை’ என்கிறது ஒரு தரப்பு. ‘உங்கள் முழங்கால் தேய்மானத்துக்கெல்லாம் பாரம்பரியம் என்று பெயர் வைக்காதீர்கள்’ என்கிறது மறு தரப்பு. ஏற்காடு ஏறும் வழியிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ டீக்கடை முன்னால் நான்கு புல்லட்டுகள் நின்றால், ஐந்தாவதாக இந்தச் சண்டையும் வந்து ஸ்டாண்டு போட்டுக்கொள்கிறது.

என் வீட்டு வாசலில் 1980களின் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் ஒன்றும், மகள் ஓட்டும் ஜே சீரிஸ் கிளாசிக் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டு கட்சியிலும் எனக்கு வாக்கு உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்: இரு தரப்பும் காக்கவேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் பழைய கட்சிக்கு. இது நாம் அழும் முதல் இழவு அல்ல. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு அலுமினிய இன்ஜின் வந்தபோது ‘சத்தம் செத்துவிட்டது’ என்றோம். கியர் வலது காலிலிருந்து இடது காலுக்குப் போனபோது ‘முடிந்தது கதை’ என்றோம். அந்தப் புகாரிலாவது ஒரு நியாயம் இருந்தது. ஒன்று மேலே, மூன்று கீழே என்று வலது காலில் கியர் போட்டும், இடது காலில் பிரேக் மிதித்தும் பழகியவன், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை அமுக்கிவிடுவான். இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி எடுக்கிற எனக்கு இன்றும் இரண்டு தெரு தாண்டும்வரை கால் யோசிக்கிறது. ஆனால் உலகம் முழுக்க இடது காலில் கியர் போடுகிறது. அமெரிக்கா 1970களின் நடுவிலேயே அதைச் சட்டமாக்கிவிட்டது. நமக்காக மட்டும் எவ்வளவு காலம் வலது காலை நீட்டிக்கொண்டிருக்க முடியும்?

2008, 2009-ல் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய யூசிஇ வந்தது. ‘இது வேறு யாரோ செய்த வண்டி’ என்றோம். 2019-ல், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்புரேட்டரை அனுப்பிவைத்தது. 2023 நவம்பரில் ஹிமாலயன் 450, குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் இன்ஜினோடு வந்தது. ஒவ்வொரு முறையும் அதே ஒப்பாரி, பாட்டுகூட மாறவில்லை. வேடிக்கை என்னவென்றால், யூசிஇ வந்த நாளில் அதைப் பக்கத்தில் சேர்க்காதவர்களே இன்று ‘யூசிஇ வரைக்கும்தான் அசல் புல்லட்’ என்று எல்லைக்கல் நடுகிறார்கள். இன்னும் பத்து ஆண்டு போகட்டும், ஜே சீரிஸும் அசலாகிவிடும்.

நாம் அசல் என்று சொல்லும் அந்த வண்டி பிறந்தபோது என்னவாக இருந்தது? இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊசி செய்யும் ஊர். அங்கே ஊசி செய்த கம்பெனிதான் சைக்கிளுக்கு மாறியது. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததால் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1901-ல் மோட்டார் சைக்கிள் செய்தது. ‘துப்பாக்கியைப் போல் செய்தது’ என்று விளம்பரம் போட்டது. ஊசி, சைக்கிள், மோட்டார் என்று மாறி மாறி வந்த கம்பெனி அது. புல்லட் என்ற பெயர் 1930களிலேயே வந்துவிட்டாலும், நாம் அறிந்த புல்லட் 1948, 1949-ல்தான் உருவெடுத்தது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் சஸ்பென்ஷனும் வைத்தார்கள். அன்றைய வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் வெறும் இரும்புச் சட்டம்தான். அந்தப் புதிய வண்டிகள் 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் ஓடி, தங்கப் பதக்கத்தோடு திரும்பின. அதாவது, நாம் பழமையின் அடையாளமாக வைத்திருக்கும் வண்டி, பிறந்த அன்று சந்தையில் இருந்தவற்றிலேயே புதுமையானவற்றில் ஒன்று.

பிறகு ஏன் அது அரை நூற்றாண்டு அப்படியே நின்றது? எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யப்பட்டன. 1967-ல் ரெடிட்ச் ஆலை மூடியது. 1970-க்குள் இங்கிலாந்தில் எல்லாம் முடிந்தது. தாய்வீடு இடிந்தபோது இங்கே உலை கொதித்துக்கொண்டிருந்தது. 1977-ல் மெட்ராஸிலிருந்து புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். திருவொற்றியூர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள்; உட்காரட்டும், உரிமை உண்டு.

ஆனால் அந்த ஆண்டுகளில் வண்டி மாறாமல் இருந்ததற்குக் காரணம் பக்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லைசென்ஸ் ராஜ்ஜியம், பூட்டிய சந்தை, வாங்குவதற்குக் காத்திருக்கும் வரிசை. மாற்றவேண்டிய கட்டாயமும் இல்லை, மாற்றுவதற்கு வசதியும் இல்லை. நாம் இன்று கும்பிடும் பாரம்பரியத்தில் பாதி, அன்று வேறு வழியில்லாமல் தங்கிவிட்டது. சந்தை திறந்ததும் என்ன ஆயிற்று? மைசூரில் யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஆலை 1996-ல் நின்றது. அதே ஆண்டு யமஹா ஆர்எக்ஸ்100 நின்றது. அவற்றை நேசித்தவர்கள் குறைவா? இன்றைக்கும் ஆர்எக்ஸ்100-க்கு உயிர் விடும் பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நேசம் ஆலையைக் காப்பாற்றாது. 1994-ல் ஐஷர் நிறுவனத்தின் கையில் வந்த என்ஃபீல்டும் 2000 வாக்கில் மூடலாமா என்ற பேச்சு வரைக்கும் போய்விட்டுத்தான் மீண்டது. மீட்டது எது? நாம் ஒவ்வொரு முறையும் இழவு கூட்டினோமே, அந்த மாற்றங்கள். 2024-25-ல் ஒரே ஆண்டில் 10 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றிருக்கிறார்கள். கிக்கரும் வலப்பக்க கியரும் தீப்பொறிக்கான பழைய பாயின்ட் செட்டும் மட்டும் இருந்திருந்தால், இன்று நாம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரகடம் ஆலையைப் பற்றியல்ல, மூடிய ஆலை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

கிக்கரைப் பற்றி இன்னும் ஒன்று. பழைய வண்டியை எழுப்புவது ஒரு கலை, மறுக்கவில்லை. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அமுக்கி, ஹெட்லைட் மேலிருக்கும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் கணத்தைப் பார்த்து நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை ஒரு நூல் தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. சரியாகச் செய்தால் ஒரே உதையில் எழும். தப்பினால் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் நம்மில் ஏராளம். அந்தக் கலை தெரிந்தவன் தெருவில் நின்று உதைப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அந்த உதை ஒரு கதவையும் சாத்தியே வைத்திருந்தது. உயரம் குறைந்தவர்கள், முழங்கால் போனவர்கள், ‘இது உனக்கு எதுக்கும்மா’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள். என் மகள் இன்று ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறாள். அவளுக்கு அம்மீட்டர் முள்ளின் கதையைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டாள். பிறகு, ‘அப்பா, மழையில் பாயின்ட் நனைந்தால் என்ன செய்வீர்கள்?’ என்றாள். துடைப்போம், காத்திருப்போம், மறுபடி உதைப்போம். பதிலைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சத்தத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் நீள ஓட்டமும் உள்ள பிஸ்டன், கனமான ஃப்ளைவீல், மெதுவான ஐடிலிங்; தட தடப்பு அங்கிருந்து வருகிறது, ஆகாயத்திலிருந்து அல்ல. ஜே சீரிஸும் 72-க்கு 85.8 என்ற நீள ஓட்ட இன்ஜின்தான். கூட ஒரு பேலன்சர் ஷாஃப்ட் சுழன்று அதிர்வை விழுங்குகிறது, அவ்வளவே. தடதடப்புக்காக ஐடிலிங்கை இறக்கி இறக்கி வைப்பவர்கள், ஆயில் பம்ப்பும் அதே இன்ஜினில்தான் சுழல்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வெளிக்கடையில் வாங்கிய சைலன்சரை மாட்டிக்கொண்டு மருத்துவமனை வாசலில் முறுக்குபவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

சரி, காக்கவேண்டியது எது என்று கேட்கிறீர்களா?

வார்ப்பிரும்பு இன்ஜினைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி, நடுவே பிரைமரி செயின் தனி. ஒன்று கெட்டால் ஒன்றைக் கழற்றலாம். வால்வு இடைவெளியை, அதாவது டாப்பெட்டைச் சரிசெய்ய வலப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே ஒரு சின்ன மூடி, அதற்கு ஒரே ஒரு நட்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்பேனர் போட்டு, வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் விரலால் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது என்ற அளவில் நிறுத்தினால் வேலை முடிந்தது. பாயின்ட் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத ஊரில் அட்டைத் துண்டை மடித்துச் செருகிப் பார்த்தவர்களை நான் அறிவேன். முப்பது ஆண்டு இடைவெளியில் செய்த இரண்டு வண்டிகளுக்கு ஒரே பாகம் பொருந்தும். அதனால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவும் புதுப்பேட்டையில் பழையதாகவும் கிடைத்தது. எந்த ஊரிலும் வேப்பமரத்தடியில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்த பையன் ஐந்தாறு ஆண்டில் தனிக்கடை போட்டான். பள்ளிக்கூடம் கொடுக்காத தொழிலை அந்த இன்ஜின் கொடுத்தது.

யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல இது. வண்டி மாறாமல் கிடந்ததால் தானாக விளைந்தது. ஆனால் நம் கையில் இருக்கும் உண்மையான சொத்து இதுதான்: வாங்கியவன் திறந்து பார்க்கலாம், தெருமுனை மெக்கானிக் சரிசெய்யலாம், பாகம் எங்கும் கிடைக்கும். இந்தச் சொத்து கிக்கரோடு போகவேண்டியதில்லை. ஆனால் நாம் கிக்கருக்காகக் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் இது சத்தமில்லாமல் போய்விடும்.

புதிய வண்டிகளைப் பாருங்கள். நான் எந்த ஒரு கம்பெனியையும் சொல்லவில்லை, இன்று விற்கும் எல்லாமே அப்படித்தான். ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஆக்சிஜன் சென்சார், ஏபிஎஸ் யூனிட், எல்லாவற்றுக்கும் மேலே, இன்ஜினை ஆளும் குட்டிக் கணினியான ஈசியு. ஏதாவது கோளாறு என்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு ஏன் எரிகிறது என்று சொல்லும் குறியீடு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. பிஎஸ்6 விதிகளே வண்டி தன் கோளாறைத் தானே பதிவுசெய்யவேண்டும் என்கின்றன. ஆனால் அதைப் படிக்கும் கருவி யார் கையில் இருக்கிறது? எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவரிடம் அண்மையில் ஒரு வண்டி வந்தது. சென்சாரின் வயர் எலி கடித்து அறுந்திருந்தது. அவர் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்து ஒட்டிவிட்டார். விளக்கு அணையவில்லை. அதை அணைக்க மட்டும் வண்டியை வேனில் ஏற்றி 60 கிலோமீட்டர் அனுப்பவேண்டியிருந்தது. கோளாறைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு, சரியாகிவிட்டது என்று வண்டிக்குச் சொல்ல வழியில்லை!

ஆகவே புதிய கட்சிக்கும் ஒரு சொல். ‘தொழில்நுட்பம் வளர்ந்தால் இப்படித்தான், ஷோரூமில் விட்டுவிடுங்கள்’ என்று தோளைக் குலுக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடியும், உங்கள் வண்டிக்கும் பன்னிரண்டு வயதாகும். அப்போது அந்த ஏபிஎஸ் யூனிட் கிடைக்குமா, அதை மாட்டி வண்டிக்கு அறிமுகப்படுத்த ஊரில் யாராவது இருப்பார்களா என்பதை இப்போதே கேளுங்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாசலைத் திறந்தது. கைப்பேசி, வேளாண் கருவிகளோடு மோட்டார் வாகனங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அது கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல. ஆனால் கேட்பதற்குப் பிடிமானம் கிடைத்திருக்கிறது. கேட்பதற்கு நம்மைவிடப் பொருத்தமான கூட்டம் எது? ஒரு வண்டியின் பெயரைச் சொல்லி ஞாயிறுதோறும் நூற்றுக்கணக்கில் கூடும் வழக்கம் வேறு எந்த வண்டிக்காரர்களுக்கு இவ்வளவு இருக்கிறது?

நான் கேட்கச் சொல்வது இவைதான். கோளாறுக் குறியீட்டைப் படிக்கவும் அழிக்கவும் ஒரு கருவி, தெருமுனை மெக்கானிக் வாங்கக்கூடிய விலையில். பழுதுபார்க்கும் கையேடு, தமிழிலும், எங்கள் மெக்கானிக்குகள் படிக்கும் மற்ற மொழிகளிலும். வண்டி செய்யும் ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும்போது இது பெரிய ஆசை இல்லை. வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு அசல் அளவில் பாகங்கள். கம்பெனிக்கே செய்யக் கட்டுப்படியாகாத பாகம் என்றால் அதன் வரைபடத்தை வெளியிடலாம், அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் கடைசல் பட்டறைகளுக்கா பஞ்சம்?

பழைய வண்டிக்காரர்கள் இந்தக் கடைசிக் கோரிக்கையைத்தான் முதலில் வைத்திருக்கவேண்டும். கிக்கர் வைத்த புது வண்டி கேட்பதைவிட, ஏற்கெனவே கிக்கரோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை இன்னும் முப்பது ஆண்டு ஓடவைப்பது பெரிய காரியம். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்றும் பதிவுப் புதுப்பிப்பும் வேண்டும். பாகம் இல்லாமல் தகுதி எங்கிருந்து வரும்? 50 ஆண்டு தாண்டியவற்றை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021-ல் விதி வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவுசெய்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும்தான் எடுக்கலாம், மார்க்கெட்டுக்குப் போகக்கூடாது. ராஜஸ்தானில் பாலி பக்கத்தில் ஒரு புல்லட்டுக்குக் கோயிலே இருக்கிறது, மாலை போட்டு, கும்பிட்டு, வழிப்பயணத்துக்கு வேண்டிக்கொள்கிறார்கள். அது அவர்கள் நம்பிக்கை, நான் குறுக்கே வரவில்லை. நம் வண்டிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பால் கேன் தொங்கிய வண்டி, தபேதார் ஓட்டிய வண்டி, ஏட்டய்யா சந்து சந்தாக விரட்டிய வண்டி அது.

அடுத்த சண்டை இப்போதே கிளம்பிவிட்டது. 2024 நவம்பரில் மிலானில் ஃப்ளையிங் ஃப்ளீ என்ற பெயரில் மின்சார வண்டியைக் காட்டினார்கள். ‘சத்தமே இல்லாத என்ஃபீல்டா’ என்று பழைய கட்சி மறுபடி தலையில் கைவைத்தது. அந்தப் பெயரின் கதை தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்குவதற்காக ரெடிட்ச் செய்த 125 சிசி குட்டி வண்டி அது. 60 கிலோகூட இல்லை, இரண்டு ஆள் தூக்கிவிடலாம். வடிவமோ ஜெர்மனியின் டிகேடபிள்யூ வண்டியைப் பார்த்துச் செய்தது. டிகேடபிள்யூவை விற்றுவந்த ராட்டர்டாம் வியாபாரிகள் யூதர்கள் என்பதால் ஜெர்மனி சரக்கை நிறுத்தியது. அவர்கள் ரெடிட்ச்சுக்குப் போய் ‘இதே போல் ஒன்று செய்து கொடுங்கள்’ என்றார்கள். இரவல் வடிவம், இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், புல்லட்டின் தடதடப்புக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத சத்தம். அதுவும் பாரம்பரியத்தில் சேர்ந்துவிட்டது.

எனவே மின்சார வண்டி வரட்டும். ஆனால் அதை வாங்குமுன் நாம் கேட்கவேண்டிய கேள்வி சத்தத்தைப் பற்றியதல்ல. பேட்டரிப் பெட்டியைத் திறக்க முடியுமா? ஒரு செல் கெட்டால் ஒரு பகுதியை மட்டும் மாற்றலாமா, அல்லது வண்டி விலையில் பெரும்பங்கைக் கொடுத்து முழுப் பெட்டியையும் வாங்கவேண்டுமா? எட்டு ஆண்டு கழித்து அதே அளவில் பெட்டி கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணத்தைக் கட்டுமுன் வாங்கும் பதிலுக்கு இருக்கும் மதிப்பு பிறகு இருக்காது.

அடுத்த ஞாயிறு நீங்கள் கூடும் இடத்தில், கிக்கர் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது ஆரம்பித்தால், அவர் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். வண்டி எந்த ஆண்டினது, கடைசியாக எந்தப் பாகம் கிடைக்காமல் அலைந்தார், எந்தக் கோளாறை ஊர் மெக்கானிக்கால் சரிசெய்ய முடியவில்லை என்று மூன்றே வரி எழுதச் சொல்லுங்கள். சிஐ என்கிற வார்ப்பிரும்பு, ஏவிஎல், யூசிஇ, ஜே சீரிஸ், 450, 650 எல்லாரும் எழுதட்டும். உங்கள் மெக்கானிக்கையும் கூட்டிவந்து எழுதச் சொல்லுங்கள். அவர் தாள்தான் நீளமாக இருக்கும். ஒரு மாவட்டத்துத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, வல்லம் வடகால் ஆலை முகவரிக்கு ஒரு பிரதியும் நுகர்வோர் துறைக்கு ஒரு பிரதியும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திருச்சிக் கட்டை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு புல்லட்காரன்,
திருச்சிராப்பள்ளி